உறவினர் அல்லாத இருவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தனக்குச் சொந்தமில்லாத ஒருவரைக் கண்டுபிடித்துவரச் சொன்னால், ரைப்பண்ணை மூன்று நாள் அலைந்துவிட்டு நான்காம் நாள் வெறுங்கையோடு திரும்பி வருவார். நான் மிகைப்படுத்தவில்லை. அந்த அலைச்சலில் அவரைப் பின்னால் ஏற்றிச் சைக்கிள் மிதித்தவன் நான்தான்.

கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷம் ரைப் அடித்து ஓய்வுபெற்ற மனிதர். தனிக்கட்டை. தெல்லிப்பழைச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் ரைப்ரைட்டரை வைத்துக்கொண்டு ஊராருக்கு விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பார். ரைப் அடிக்கிற அண்ணை என்பது தேய்ந்து ரைப்பண்ணை ஆகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்காக இருந்த கடையில் வெளிநாட்டு ரேடியோவும் தையல் மெசினும் விற்றோம். விற்கச் சாமான் வராமல் போகவே, ஒருநாள் முதலாளி கதவைச் சாத்தித் திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதே தடையால் எங்கள் ஊர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வந்த மவுசைச் சொல்லி மாளாது. என்னோடு படித்துச் சோதனையில் கோட்டை விட்டவனெல்லாம் தோட்டம் செய்து உழவு மெசின் வாங்கினான். சோதனை பாஸான நான் நீளக் காற்சட்டையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் குந்தியிருந்தேன். மனைவிக்கு ஆறாம் மாதம். மாமனார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூலையில் கிடந்த மண்வெட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கிளாக் வேலைக்கு ஆள் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். திங்கட்கிழமை காலையே கொட்டிலில் போய் நின்றேன்.

"ஆற்றை மகன் நீர்?" என்று தொடங்கினார் ரைப்பண்ணை.

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் விரல் மடித்தார். "அப்ப நீர் எனக்கு மருமகன் முறையெல்லோ! மாமா எண்டு கூப்பிடும்."

வேலை கிடைக்குமென்றால் அவருடைய ரைப்ரைட்டரைக்கூட மாமா என்று கூப்பிட நான் தயார். கூப்பிட்டேன்.

விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. உங்களை அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயரும் கையெழுத்தும். ஊரில் எல்லாரும் தெரிந்த இரண்டு பெரியவர்களைப் பிடித்து ஒப்பேற்றுகிற வரி அது. ரைப்பண்ணைக்கோ அது வேதவாக்கு.

"எங்கடை பெரிய வாத்தியாரைப் போடுவம், மாமா."

"உவர் உம்மடை அம்மானின்ரை சகலனுக்குத் தமையன். வெட்டும்."

"ஊர் விதானையார்?"

"பெரியம்மாவின்ரை மச்சாளைக் கட்டினவர். வெட்டும்."

"டாக்குத்தர்?"

"அவர் எனக்குச் சொந்தம். நீரும் எனக்குச் சொந்தம். அப்ப?"

வெட்டினேன். "ஆர் இதையெல்லாம் பாக்கப்போகினம்?" என்று பல்லைக் கடித்தேன். "என்ரை மெசின் பொய் அடிக்காது" என்றார்.

செவ்வாய்க்கிழமை தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனோம். அரை மணித்தியாலம் அந்த மனுஷனின் பாட்டன் பூட்டன்வரை விசாரித்துவிட்டு, சொந்தமில்லை என்று ரைப்பண்ணை வலு கவலையோடு ஒத்துக்கொண்டார். ஒரு கையெழுத்து விழுந்தது.

மற்றதற்கு நான் மயிலிட்டிக் கடற்கரையைப் பிடித்தேன். நாங்கள் தோட்டக்காரர், அவர்கள் கடற்காரர். அங்கே சொந்தம் எங்கிருந்து வரப்போகிறது? வியாழக்கிழமை, எதிர்க்காற்றில் மிதித்து, மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியாரின் முன்னால் போய் நின்றோம். அவர் பேனையைத் திறந்துவிட்டார். அப்போதுதான் ரைப்பண்ணை வாயைத் திறந்தார்.

"உங்கடை ஆச்சி ஆஸ்பத்திரியிலை பிள்ளை பெத்துக் கிடக்கேக்கை, பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் பால் குடுத்தவ எண்டு ஒரு கதை இருக்கெல்லோ?"

"ஓம், ஆச்சி அடிக்கடி சொல்லுவா."

"அந்தக் குழந்தைதான் இவற்றை தேப்பன்!"

சம்மாட்டியார் பேனையை மூடிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். "அப்ப நீ எங்கடை பிள்ளையெல்லோ! சொந்தக்காரன் கையெழுத்து வைச்சால் பிழை, தம்பி." கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோர்வை மீன் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். மணம் பட்டதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். மாமனார் மண்வெட்டியை எடுத்துப் பிடி போடத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. கொட்டிலில் நின்று சந்தியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "மாமா, உங்கடை சொந்தத்தாலை என்ரை பிள்ளை பட்டினி கிடக்கப்போகுது!"

ரைப்பண்ணை தாளைச் செருகினார். கச்சேரியில் அவர் அடித்தால் மழை பெய்கிற சத்தம் கேட்கும் என்பார்கள். அன்றைக்கு ஒற்றை விரலால், கால் மணித்தியாலம் எடுத்து அடித்தார். 'இவரை நான் நன்கு அறிவேன். இவர் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர்.' கீழே கையெழுத்து வைத்தார்.

"கொண்டு ஓடும். இனி என்னை மாமா எண்டு கூப்பிடாதையும். அடிச்சால் அடிச்சதுதான்."

வேலை கிடைத்தது. ஆனால் உண்மையான கரைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. றோட்டில் மணியடித்து "மாமா!" என்றால் மற்றப் பக்கம் பார்ப்பார். மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாட்டத்துக்கு வந்தவர், சொந்தக்காரரின் பந்தியில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்துத் தபால்காரனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். "நான் தெரிஞ்ச ஆள் மட்டுந்தான்" என்று கேளாதவருக்கும் சொன்னார். குழந்தைக்கு அவர் போட்ட காப்பு மட்டும் தாய்மாமன் போடுகிற மாதிரிப் பெரிதாக இருந்தது. இப்படி ஒன்பது வருஷம் என் உயிரை வாங்கினார்.

பிறகு ஒருநாள் கொட்டிலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குடாநாடு முழுக்கச் சொந்தம் வைத்திருந்த மனுஷனின் கட்டிலடியில் ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வேண்டுமென்று தாதி ஒரு தாளை நீட்டினாள். அதில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. மருமகன் என்று எழுதினேன்.

அதற்குள் கண் விழித்துவிட்ட ரைப்பண்ணை கண்ணாடியை வாங்கிப் போட்டு அதை வாசித்தார். "வெட்டும்" என்றார். "சங்கத்திலை ஆரும் கண்டால் உம்மடை வேலை போயிடும்."

"போனால் போகட்டும், மாமா," என்றேன். "நீங்கள் எழும்பி வந்து இன்னொரு விண்ணப்பம் அடிச்சுத் தாங்கோ."