உள்ளங்கையளவு தோல்

என் மனைவியின் கைப்பையை அவளே மனமுவந்து தூக்கி எறியும்படி செய்துவிடுவது என்று ஒரு நாள் காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் பல் துலக்கும்போதுதான் எடுப்பது வழக்கம். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். வாயில் நுரை இருப்பதால் நானும் உளற மாட்டேன்.

பையின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் காதல்தான். அதன் மூடியில் இருக்கும் ஒயின் சிவப்புத் தோலில் ஒரு உள்ளங்கையளவு கிடைத்தால் போதும், என் ஜன்மம் சாபல்யம்.

நான் கார் கட்டுகிறவன். அலுவலகத்தில் காப்பீட்டுக் கோப்புகளோடு மாரடித்துவிட்டு வந்து, சாயங்காலம் சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில், நூறு வருஷத்துக்கு முன்னால் ஓடிய கார்களை ஒரு சாண் நீளத்தில் செய்கிறேன். பெட்டியில் வாங்கி ஒட்டுகிற சமாசாரம் இல்லை. எல்லாம் கையால். ரேடியேட்டர் வலை, எங்கள் வீட்டு டீ வடிகட்டி. முகப்பு விளக்குகள், துணியிலிருந்து கழன்ற பிரஸ் பட்டன்கள். வீட்டில் எது காணாமல் போனாலும் என் மனைவி முதலில் என் காருக்குள்தான் தேடுவாள்.

நிஜக் காரை எனக்கு ஓட்டத் தெரியாது. அதை அவள் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லும்போது கண்ணாடியை இறக்குவேன்.

ஆனால் என் காரில் நான்தான் ஓட்டுநர். நீண்ட மூக்கு, மடக்குக் கூரை, தந்த நிற உடம்பு. கண்ணை லேசாக மூடினால் போதும், கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிக் கதவைத் திறந்து ஏறிவிடுவேன். மேஜை விளக்கு அந்தி வெயிலாகிவிடும். மேஜை மரத்தின் ரேகைகள் கடலோரச் சாலையாக வளைந்து வளைந்து போகும். பக்கத்தில் அவள். காற்றில் முடி பறக்கிறது. "மெதுவாப் போங்க" என்று என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். நான் மெதுவாகப் போக மாட்டேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். காரில் சீட்டு இல்லை. அவ்வளவு தூரமும் இருவரும் வெறும் தகரத்தில் உட்கார்ந்துதான் போய்க்கொண்டிருந்தோம்.

சீட்டு விஷயத்தில் போன வருஷம் எனக்கு ஒரு அவமானம் நேர்ந்தது. எங்கள் மாதிரிக் கார் சங்கத்தின் நடுவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சட்டைப்பையில் ஒரு லென்ஸ் இல்லாமல் அவர் வெளியே வந்ததில்லை. கண்காட்சியில் என் பழைய கார் மேல் அந்த லென்ஸை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, சக்கரக் கம்பிகளைப் பார்த்துத் தலையாட்டி, கடைசியில் சீட்டில் நிறுத்தினார். "பிளாஸ்டிக்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இந்த வருஷம் அசல் தோல் போட்டே தீருவது என்று வைராக்கியம். கடைத் தோல் உதவாது. ஒரு சாண் காரில் அதன் துளைகள் சாலைக் குழி மாதிரி தெரியும். பல வருஷம் கைபட்டு மெத்தென்று ஆன, சன்னமான தோல் வேண்டும். அது உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது. என் மனைவியின் தோளில். "இது அசல் தோலு, கைய வைக்காதீங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். நானும் வைத்ததில்லை.

கேட்டுவிடலாமே என்பீர்கள். டீ வடிகட்டியைக் கேட்டுத்தான் எடுத்தேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் டீயை மென்று குடிக்க வேண்டியிருந்தது.

அன்றே ஆரம்பித்தேன்.

"இந்தப் பை கொஞ்சம் பழசாத் தெரியுதே?"

"நானும்தான் பழசாயிட்டேன்."

"சேச்சே, உன்னைச் சொல்வேனா?"

"அதுவும் நானும் ஒண்ணாத்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். அது பழசுன்னா நானும் பழசுதான்."

"இல்ல, நீ... நீ புதுசுதான்."

"அப்ப பையும் புதுசுதான். தள்ளுங்க, நேரமாச்சு."

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். நான் நம்பவில்லை. மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரம்மாவிடம் போனேன். தேய்ந்துபோன பல் சுரண்டிகளை எல்லாம் எனக்குத் தானமாகக் கொடுக்கிறவர் அவர்தான். அவற்றை வைத்துத்தான் நான் கதவுப் பிடிகளைச் செதுக்குகிறேன்.

"நான் என்ன சொல்லணும்?"

"அவ கைப்பை பழசாயிடுச்சுன்னு பேச்சுவாக்குல ஒரு வார்த்தை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"எதுக்கு இதெல்லாம்?"

"காருக்கு சீட்டு தைக்கணும், டாக்டரம்மா."

அவர் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் கழன்றுவிட்டது. ஊரார் வாயைத் திறக்க வைப்பதே தொழிலாக இருப்பவரிடம், வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கி வந்தேன்.

மருந்து வேலை செய்தது. மறுநாள் மனைவியே ஆரம்பித்தாள்.

"என்னங்க, என் பை பழசாயிடுச்சாம். டாக்டர் சொல்றாங்க."

"அப்படியா சொன்னாங்க!"

"ஆனா புதுசெல்லாம் எதுக்கு? வீண் செலவு."

"வீணா? உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?"

"வேண்டாம்ங்க."

"எனக்காக வாங்கிக்க."

"இவ்வளவு தூரம் கெஞ்சறீங்க. சரி, வர்றேன்."

கடையில் அவள் ஒவ்வொரு பையாகத் திறந்து, முகர்ந்து, தடவிப் பார்த்தாள். நான் பழைய பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டு இரண்டும் மூடியில் வந்துவிடும். பின் சீட்டைப் பக்கவாட்டில் வெட்டிக்கொள்ளலாம். கடைக்காரர் என் மடியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பில் போடப் போய்விட்டார். பில்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தேவைப்பட்டது. புதுப் பையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பையைக் குப்பையில் போடுவாள் என்று குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவளோ அதில் துணி கவ்விகளைப் போட்டு ஆணியில் மாட்டினாள்.

"பழசுதானே, போட்டுடேன்."

"அசல் தோலாச்சே. மனசு வரமாட்டேங்குது."

"அப்ப எனக்குக் கொடு. சாமான் வச்சுக்கறேன்."

"எங்கம்மா வாங்கிக் கொடுத்த பையிலயா உங்க பிசினும் பெயின்ட்டும்?"

"பத்திரமா வச்சுக்கறேன்."

"கண்காட்சி வரைக்கும் பாத்திரமெல்லாம் நீங்க கழுவுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

கழுவினேன். அதில்கூட எனக்கு வருத்தம் இல்லை. தொட்டி நிறைய சோப்பு நுரை பொங்கும்போது அது கடலாகிவிடும். தட்டுகளின் ஓரத்தில் என் தந்த நிறக் கார் சிவப்பு சீட்டுகளோடு வழுக்கிக்கொண்டு போகும். அவள் இப்போது மெத்தென்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "சீட்டு ரொம்ப நல்லாயிருக்குங்க" என்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிண்ணங்களை உடைத்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மதியம் அவள் கவ்விகளைக் கொட்டிவிட்டுப் பையை என் கையில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டேன். மூடியை வெட்டிக் கவிழ்த்து, இன்னும் சன்னமாக்குவதற்காகப் பின்பக்கம் பிளேடை வைத்துச் சுரண்டினேன். வெள்ளையாக நூல் நூலாக வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக அழகான நெசவு.

எந்த மாடும் தோலுக்கு உள்ளே துணி கட்டிக்கொண்டு திரிவதில்லை. இது சுத்தமான ரெக்சின்.

போய்க் கேட்கவும் வழியில்லை. எதற்காக வெட்டினீர்கள் என்பாள். ஆசையாகப் பை வாங்கிக் கொடுத்த உத்தமப் புருஷன் என்ற பெயரும் போய்விடும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். சமையலறைப் பக்கம் போய்ப் பட்டும் படாமல் விசாரித்தேன்.

"அந்தப் பழைய பை... நல்ல தோல், இல்ல?"

"எங்கம்மா கண்ணு தேடி எடுத்ததாச்சே. ஏங்க?"

"சும்மாதான்."

வேறு வழியில்லாமல் ரெக்சினையே தைத்தேன். வெட்டிய ஓரத்தில் துணி தெரியாமல் சிவப்புச் சாயம் தொட்டு மறைத்தேன். கண்ணை மூடிக் காரில் ஏறிப் பார்த்தேன். சாலையும் இருந்தது, வெயிலும் இருந்தது. அவள் மட்டும் ஏற மாட்டேன் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். மனசு கனத்துவிட்டது.

கண்காட்சியில் பூதக்கண்ணாடி வந்தார். பக்கத்தில் என் மனைவியும் வந்து நின்றாள். லென்ஸ் காரின் மூக்கில் தொடங்கியது. "ரேடியேட்டர் பிரமாதம்" என்றார். சக்கரத்துக்கு ஒரு "அடடா". கதவுப் பிடிக்கு இன்னொரு "அடடா". எனக்கு லேசாக மிதப்பது போல இருந்தது. லென்ஸ் சீட்டுக்கு வந்தது. நின்றது.

"ரெக்சின்" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். லென்ஸ் மேஜையை விட்டு எழுந்தது. அப்படியே என் மனைவியின் தோள் பக்கம் போய் நின்றது.

"ஆகா! இது தோல்! என்ன சன்னம், என்ன நிறம்! ஏன் சார், இப்படி ஒரு தோலை வீட்டுலயே வச்சுக்கிட்டா காருக்கு ரெக்சின் போட்டீங்க?"

அப்போதுதான் அந்தப் புதுப் பையை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். ஒயின் சிவப்பு. பட்டுப் போல ஒரு மெருகு. என் முன் சீட்டு இரண்டும் பின் சீட்டும் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன.

பூதக்கண்ணாடி அடுத்த மேஜைக்கு நகர்ந்ததும் அவள் என் காதருகே குனிந்து, என்றைக்கும் இல்லாத கனிவோடு சொன்னாள்:

"மனசை விடாதீங்க. அடுத்த வருஷத்துக்குள்ள இதுவும் பழசாயிடும். வேற ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு இதை எடுத்து சீட்டு தைச்சுக்கங்க."