கால் மரத்துப்போன பாறை

செஞ்சியில் குடை ரிப்பேர் செய்யும் ஜகபர் அலிக்குப் பாம்பென்றால் பயமில்லை, போலீசென்றால் பயமில்லை. சந்திரகிரி உச்சியில் குந்தியிருந்த ஒரு பாறையென்றால் மட்டும் தொடை நடுங்கும்.

பாறையா அது! ஏழு யானைகளைப் பிசைந்து ஒரே யானையாக்கி, மலை நுனியில் உட்கார்த்தி வைத்தாற்போல இருக்கும். காலையில் சூரியன் அதன் முதுகிலிருந்து எழும்பும்போது, "படைச்சவனே!" என்று வாய் பிளந்து நிற்பார். அப்புறம் குடையை விரித்துக்கொண்டுதான் தெருவில் கால் வைப்பார்.

"நவாப் காலத்துலர்ந்து குந்தினு இருக்குது. இப்ப உங்க மேலதான் வுழப்போவுதா?" என்பாள் மனைவி ரஹமத்.

"அதான் பயமே! அவ்ளோ காலமா குந்தினு இருந்தா கால் மரத்துப் போவாதா? ஒரு நாளு எழுந்துக்காதா?"

"எழுந்துக்கும்போது கை குடுத்து வுடுங்க."

ஊரே சிரித்தது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மலையே இல்லாத திண்டிவனத்துக்குக் குடிபோய்விட்டால் நிம்மதி. ஆனால் பாறை அசைந்தாலும் ரஹமத் அசையமாட்டாள்.

அப்படியானால் பாறையை அசைத்துவிட வேண்டியதுதான்!

மலையில் ஆடு மேய்க்கும் கலியபெருமாளைப் பிடித்தார். "பாறையில ஒரு சுண்ணாம்புக் கோடு போடு. தரையில ஒண்ணு போடு. பாறைக்கோடு நம்ம ஊட்டுப் பக்கமா ஒரு சாண் தள்ளி இருக்கணும். போன வருசம் ரெண்டும் நேரா இருந்திச்சின்னு சொல்லிடு."

"எம்மாம் பாறைய எம்மாத்தூண்டு கோட்டுல நவுத்துறீங்க, பாய்!" என்று அசந்துபோனான் அவன்.

மறுநாள் வீட்டில் ஒரே கூச்சல். "ரஹமத்து! பாறை நவுந்துடிச்சாம்!"

"அப்டியா? இருங்க, பாத்துட்டு வரேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. குடைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பச்சை முக்காடு எறும்பாக மேலேறியது. அந்த யானையின் வயிற்றுக்கடியில் புகுந்தது. இவர் குடைக்காம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். மாட்டைத் தட்டுவதுபோல அவள் பாறையைத் தட்டியது தெரிந்தது. யா அல்லா, இவளோடா இத்தனை வருஷம் சண்டை போட்டோம்!

இறங்கி வந்தவள் முகத்தில் கவலை. "நெசந்தாங்க. ஒரு சாண் நவுந்துருக்குது."

"சொன்னேன் இல்ல! கட்டு மூட்டைய, திண்டிவனத்துக்கு!"

"ஐயோ, அங்க வாணாங்க! நம்ம ஊட்ட வுட்டு விலகி, திண்டிவனம் பக்கமா இல்ல நவுந்துருக்குது! உருண்டா நேரா அங்கதான் போய் நிக்கும்."

"இல்லியே, நம்ம பக்கமா இல்ல..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மலையே ஏறாத மனுசனுக்கு அது எப்டி தெரியும்?"

ஜகபர் அலி அவள் கையைப் பார்த்தார். ரஹமத்துக்கு வெற்றிலைப் பழக்கமில்லை. ஆனால் விரலெல்லாம் ஈரச் சுண்ணாம்பு.

"இன்னா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல... பாறை நல்லாவே நவுந்துருக்குது."