மைசராவின் இலாகாக்கள்

புதிய பிரதமரின் அமைச்சர் பட்டியல் மாலை நான்கு மணிக்கு வெளியாகிவிட்டது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லத்தான் தோபான் பஜார் என்ற மலையூரில் ஆள் இல்லை.

அன்று மழை தொடங்கும் அசார் மாதத்தின் பதினைந்தாம் தேதி. நாற்று நடுகிற நாள். மளிகைக்கடை, தையற்கடை, சாலிக்ராமின் டீக்கடை என்று ஒன்று விடாமல் பூட்டிக்கொண்டு ஊரே வயலில் இறங்கியிருந்தது. தெருவில் மிச்சமிருந்தது இரண்டு நாய்களும் சிர்சிரே எஃப்.எம்.மின் ஒரே நிருபர் டீகாராம் பூசாலும்தான். நாய்களுக்கு அரசியல் ஆர்வம் கிடையாது.

"அஞ்சே முக்கால் செய்தியில மக்கள் கருத்து வரணும், டீகா" என்று நிலைய மேலாளர் போஷ்ராஜ் கன்வல் சொல்லியிருந்தார். "அஞ்சு பேர். ஒரு விவசாயி, ஒரு வியாபாரி, ஒரு மாணவர், ஒரு பெண், ஒரு பெரியவர். கணக்கு தப்பக் கூடாது. இந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு தப்பு பண்ணிட்ட. மூணாவது வந்துச்சு, நீ உன் மாமனார் கோழிப்பண்ணைக்கே போயிடலாம்."

டீகாராமுக்குக் கோழி என்றாலே பயம். மாமனார் என்றால் அதைவிடப் பயம். ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடினான்.

வரப்பில் நின்று, "அக்கா, புது மந்திரிசபையைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்றான்.

"மந்திரிசபையா? அது எங்கேயும் போகாது. நாத்து வாடுது பாரு. நாலு முடி நட்டுட்டுப் பேசு."

"அவசரம் அக்கா. ஒரே ஒரு வார்த்தை."

"இவன் சட்டை இன்னும் காஞ்சு கிடக்கேடி" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அசார் பதினைந்தில் வயலருகே காய்ந்த சட்டையோடு நிற்பது பெரிய குற்றம். நான்கு பெண்கள் ஆளுக்கொரு பிடி சேற்றை எடுத்தார்கள். டீகாராம் குனிந்தான். அவன் குனிந்ததும் கருவி சட்டைப் பையிலிருந்து நழுவி வயலுக்குள் போயிற்று. தேடி எடுப்பதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. ஒரு கிண்ணம் தயிர் அவல் கொடுத்து, முதுகில் தட்டி, அன்போடு அனுப்பிவைத்தார்கள். கருத்து மட்டும் கிடைக்கவில்லை.

நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து முப்பத்தைந்து. கருவியைத் தலைகீழாகப் பிடித்தான். தண்ணீர் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. போன பிரதமர் பதவியேற்றுப் பதினோரு மாதம்தான் ஆகிறது. அந்த மந்திரிசபைக்கு எடுத்த மக்கள் கருத்து கணினியில் அப்படியே இருக்கிறது. மக்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள்? 'நம்ம ஜில்லாவுக்கு ஒண்ணும் குடுக்கல' என்பார்கள். 'பொறுத்துப் பார்ப்போம்' என்பார்கள். கடந்த ஆறு மந்திரிசபைகளுக்கும் அவர்கள் அதையேதான் சொன்னார்கள். டீகாராம் ஆறுக்கும் போனவன், அவனுக்குத் தெரியாதா?

போன தடவை வெட்டி ஒட்டிய பிரதி அழிந்துவிட்டிருந்தது. வெட்டாத மூலப் பதிவுதான் இருந்தது. இனி வெட்டுவதற்கு நேரமில்லை, முழுதாகவே போகட்டும் என்று முடிவு செய்தான். ஆனாலும் பொறுப்பில்லாதவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. பழைய மந்திரிகளின் பெயரை யாராவது உச்சரித்திருக்கிறார்களா என்று அங்கங்கே ஓட்டிப் பார்த்தான். யாரும் உச்சரிக்கவில்லை. பேசியவர்கள் எல்லோரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஐந்தே முக்காலுக்குச் செய்தி போயிற்று. விவசாயி, வியாபாரி, மாணவர், பெண் என்று வரிசையாக வந்தார்கள். கடைசியாகப் பெரியவர் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலி என்பதே காதுகேளாதோருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற நம்பிக்கையோடு உரக்கப் பேசினார்.

"மந்திரிசபையா? பார்த்தேன். பாதிப் பேரு பழைய மூஞ்சி. மீதிப் பேரு பழைய மூஞ்சிங்களோட மச்சான். இங்க பாரு தம்பி, எங்க வீட்டுல முப்பத்தெட்டு வருஷமா ஒரே மந்திரிதான். என் மைசரா. நிதி, உணவு, தண்ணி, எருமை, என் வாயை அடைக்கறதுன்னு எல்லா இலாகாவும் அவகிட்டதான். இதுவரைக்கும் ஒரு ஊழல் கிடையாது. நான் பேருக்குத்தான் பிரதமர். அவ ராஜினாமா பண்ணினா என் அரசாங்கம் ஒரு நாள் தாங்காது. அவ்வளவுதான். முடிஞ்சுதா? சத்தமாப் பேசினேனா?"

சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு டீகாராமின் கையிலிருந்து கீழே விழுந்தது. அது குமான்சிங் ராணாவின் குரல். குமான்சிங் ராணா ஐந்து மாதத்துக்கு முன்பு, குளிர்காலத்தில், இறந்துவிட்டார். ஆற்றங்கரைவரை அவருடைய பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் டீகாராமும் ஒருவன்.

இரண்டாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. ஆளுங்கட்சிச் செயலாளர்.

"ஏன்யா, உயிரோட இருக்கறவன் திட்டறது போதாதா? செத்தவனை வேற எழுப்பிக்கிட்டு வந்து எங்க மந்திரிங்களைத் திட்ட வைக்கறீங்களா?"

அவர் வைத்ததும் எதிர்க்கட்சிச் செயலாளர். இவர் குரலில் தேன் வழிந்தது.

"அருமையான செய்தி, டீகா. செத்தவங்களாலயே பொறுக்க முடியாத மந்திரிசபை. நாளைக்கு எங்க கூட்டத்துல போடணும், அந்தப் பதிவைக் குடுத்துவிடு."

மூன்றாவதாகப் பேசியவர், தன் தகப்பனாரும் போன வருடம்தான் காலமானார் என்றும், அவருக்கும் அரசியலில் நல்ல ஞானம் உண்டு என்றும், அவரிடம் எப்போது கருத்துக் கேட்பீர்கள் என்றும் பணிவோடு விசாரித்தார்.

போஷ்ராஜ் அறைக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன பண்ணி வச்சிருக்க?"

டீகாராமுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கோழிகள் கண்முன் நடந்து போயின. "அது... குமான்சிங் பெரியப்பா இல்ல சார். அவரை மாதிரியே குரல் உள்ள வேற ஒருத்தர்."

"அதை மொதல்ல அறிவிச்சுத் தொலை."

ஆறரை மணிச் சுருக்கச் செய்தியில் அறிவித்தான். "நாம் ஒலிபரப்பிய மக்கள் கருத்தில் பேசியவர் மறைந்த குமான்சிங் ராணா அல்ல. அவரது குரலை ஒத்த வேறொருவர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் மறுபடியும் தொலைபேசி. வயலிலிருந்து வீடு திரும்பிவிட்ட சாலிக்ராம்.

"டீகா, அந்த வேற ஒருத்தன் யாரு?"

"எதுக்குண்ணே?"

"'என் மைசரா'ன்னு சொன்னானே. முப்பத்தெட்டு வருஷமா வீட்டை நடத்தறாங்கறானே. இந்த ஊருல ஒரே ஒரு மைசராதான் இருக்கா. குமான்சிங் இருக்கறப்போவே இது நடந்துக்கிட்டு இருந்துச்சா?"

டீகாராமுக்குச் சேறு பட்ட இடமெல்லாம் வியர்த்தது. மைசரா பெரியம்மா இன்னும் ஒரு வருட துக்கத்தில் வெள்ளைப் புடவையில் இருப்பவள். தண்ணீர்க் குழாயடியில்கூடத் தலை நிமிர்ந்து பேசாதவள். அவளுக்குப் போய், ஊர் முழுக்கக் கேட்கும்படி, முகம் தெரியாத ஒரு புருஷனை உண்டாக்கிவிட்டான். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல பெண்பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். கோழிகள் இப்போது அவ்வளவு பயங்கரமாகத் தோன்றவில்லை.

ஏழு மணிக்கு, யாரிடமும் கேட்காமல், தானே ஒலிவாங்கியைப் போட்டான்.

"நான் டீகாராம் பூசால் பேசறேன். இன்னிக்கு எனக்கு யார்கிட்டேயும் கருத்துக் கிடைக்கல. போன மந்திரிசபைக்கு எடுத்த பதிவைப் போட்டுட்டேன். அதுல பேசினது குமான்சிங் பெரியப்பாதான். அவர் சொன்னது அவரோட சொந்த சம்சாரத்தைப் பத்தி. அப்புறம் அது அவர் இல்லேன்னு அறிவிச்சது நான் சொன்ன பொய். மைசரா பெரியம்மா என்னை மன்னிக்கணும்."

போஷ்ராஜ் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்துவார் என்று டீகாராம் காத்திருந்தான். அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"காலையில அந்தம்மா வரும். புருஷனைக் கேலிப்பொருள் ஆக்கிட்டேன்னு ஒரு வரி புகார் எழுதிக் குடுத்தாலும் போதும், என்னால உன்னை வச்சுக்க முடியாது. குடுக்கலேன்னா பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காலையில் மைசரா வந்தாள். முக்கால் மணி நேர இறக்கத்தில் நடந்து வந்திருந்தாள். கூட மருமகள் ஜுனா. போஷ்ராஜ் தானே எழுந்து நாற்காலி போட்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் மேசையில் வைத்தார்.

"உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்கம்மா. உங்க மருமக எழுதட்டும். நான் நடவடிக்கை எடுக்கறேன்."

மைசரா தாளைப் பார்த்தாள். ஒதுக்கி வைத்தாள். பிறகு டீகாராமைப் பார்த்தாள்.

"அந்தப் பதிவு நிஜமாவே போன வருஷம் எடுத்ததா?"

"ஆமா பெரியம்மா. போன மந்திரிசபை வந்த மறுநாள். சாலிக்ராம் அண்ணன் கடை வாசல்ல வச்சு எடுத்தேன்."

"நேத்துச் சொன்னதை அவர் அன்னிக்கே சொன்னாரா? முழுசா?"

"அன்னிக்கேதான் சொன்னாரு. எனக்கு ஒரு ஆளுக்கு இருபது விநாடிதான். மந்திரிசபையைப் பத்தின வரியை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை வெட்டிட்டேன். வீட்டு விஷயம்தானேன்னு நினைச்சேன்."

"போடு" என்றாள்.

போட்டான். குமான்சிங் உரக்கப் பேசினார். மைசரா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் "மறுபடி" என்றாள். இரண்டாவது தடவை, எருமை இலாகா வந்தபோது அவளுடைய உதடு லேசாகத் துடித்தது. மூன்றாவது தடவை கேட்டு முடித்து, புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே முற்றத்துக்குப் போய்விட்டாள்.

டீகாராமுக்கு அழுகை வந்தது. "நீங்களாவது அந்தத் தாள்ல எழுதிக் குடுங்க ஜுனா. நான் பண்ணினதுக்கு அதுதான் நியாயம்."

ஜுனா தன் கைபேசியை நீட்டினாள். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. பதிவை இதுல ஏத்திக் குடுங்க. அத்தை வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தாங்க."

டீகாராம் பதிவை ஏற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தான். முற்றத்தில் மைசரா தனியாக நின்றுகொண்டிருந்தாள். எதிரே யாருமில்லை. ஆனால் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டி ஏதோ திட்டினாள். பிறகு குரல் தணிந்தது. வெள்ளைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, வெட்கப்படும் புதுப்பெண்ணைப் போலச் சிரித்தாள். மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.

போஷ்ராஜும் அதைப் பார்த்துவிட்டார். "அடப்பாவி, அந்தம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு போலிருக்கே. டீகா, என்ன காரியம் பண்ணிட்ட?"

டீகாராம் ஜன்னலிலிருந்து திரும்பினான். "ஜுனா, பெரியம்மா யார்கிட்ட பேசறாங்க?"

ஜுனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் முகத்தில் கவலை எதுவும் இல்லை.

"மாமாகிட்டதான். போன வருஷம், 'உன்னைப் பத்தி ரேடியோவுல சொல்லிட்டு வந்திருக்கேன், கேளு'ன்னு அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டி உட்கார வச்சாரு, அதுல அத்தை பேரே வரல, ஊரு சிரிச்சுது. 'பொய் சொல்லி என்னை அவமானப்படுத்திட்டே'ன்னு அன்னிக்கு நிறுத்துன பேச்சை, அண்ணே, அத்தை இப்போதான் மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க."