வாயில்லா வண்டியும் வாங்கச் சொன்ன சகலையும்

மின்சாரத் துறையின் மேன்மையும் என் மாமியார் வீட்டு இளைய மருமகனுமாகிய அன்புள்ள சகலை அவர்களுக்கு, மூத்த மருமகன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். உங்களுக்கென்ன, பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறீர்கள். நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம்கூட இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மனசுதான் நடுரோட்டில் நின்றுவிட்டது.

கடிதம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைவளாகத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கும் சரக்கு இறக்கும் மேடைக்கும் நடுவில், சார்ஜ் போடும் இடத்தில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பால் வேன். அது வயிறு நிறைந்து எழுந்திருக்கும் அறிகுறியே இல்லை. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்து, வாயைத் திறந்து தூங்குகிறார். கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப்பல் உடனே கவனிக்கவேண்டிய நிலையில் இருக்கின்றன. எழுப்பிச் சொல்ல மனமில்லை. என் பிழைப்பே இப்போது யாருக்கும் யோசனை சொல்லும் நிலையில் இல்லை. கையில் வேறு தாள் இல்லாததால், 'பல்லைப் பாதுகாப்பது எப்படி' என்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் படிக்க வேண்டாம், அது இப்போதைய மனநிலையில் எழுதியதல்ல.

சகலை, வண்டி ஓட்டுவது எனக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். காலை முதல் மாலை வரை அடுத்தவர் வாய்க்குள் குனிந்து 'கீ' என்று துளை போடுகிறவனுக்கு, என் பழைய சிவப்புப் பெட்ரோல் காரின் சாவியைத் திருப்பியதும் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வரும் பாருங்கள், அதுதான் மருந்து. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது ஒரு செருமல் செருமும். பாகவதர் பாட்டுக்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்வதுபோல. நோயாளிகள் எல்லோரும் என் எதிரில் வாயைப் பிளந்துகொண்டு பேசமுடியாமல் கிடப்பவர்கள். என்னிடம் ஒழுங்காகப் பேசியது அந்த வண்டி ஒன்றுதான். அப்படியிருந்தவனைத்தான் விடுமுறைக்கு வந்த நீங்கள் கையைப் பிடித்து, மின்சாரக் கார் விற்கும் அந்தக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனீர்கள். "ஒரே ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க, சகலை. பிடிக்கலேன்னா இறங்கிடலாம்" என்றீர்கள். மிதித்தேன். என் மூளை பின்சீட்டுக்குப் போய்விட்டது. அது எழுந்து மறுபடி முன்சீட்டுக்கு வருவதற்குள் கை கையெழுத்துப் போட்டு முடித்திருந்தது. உங்கள் இலாகாவின் சரக்கு செலவாகவேண்டும் என்பதற்காக என்னைப் பலிகொடுத்தீர்களோ என்று இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது.

சிவப்பு வண்டியை அடுத்த தெரு ரொட்டிக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கண்காணாத ஊருக்குப் போயிருந்தால் மறந்திருப்பேன். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டப் போகும் மனிதர், தினமும் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர்கீழே வளைவில் திரும்பி, கிளட்சைப் பாதி மட்டும் மிதித்துக் கியரைப் போடுகிறார். 'நற' என்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு வைத்தியம் செய்கிற எனக்கு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஜன்னலைத் திறந்து, "முழுசா மிதிங்க! முழுசா!" என்று கத்திவிட்டேன். அவர் தலையை வெளியே நீட்டி, "டாக்டர், வண்டியை மிஸ் பண்றீங்களா? ஞாயித்துக்கிழமை வேணா வாங்க, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்" என்றார். என் வண்டியில் என்னை! நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இந்தப் புது வண்டிக்கோ வாயே இல்லை. அது பொய், ஒரு சத்தம் உண்டு. வேகம் ஏற ஏற மெல்லியதாக, இழுத்துப் பிடித்ததாக, காதுக்குள் ஊசி விடுவதுபோல 'கீ' என்று. சகலை, அது என் துளைக்கருவியின் சத்தம். அச்சு அசலாக அதேதான். மாலை வேலை முடித்துக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, எந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்க ஓடுவேனோ அதே சத்தத்துக்குள் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறேன். நெடுஞ்சாலையில் என்னை அறியாமல் "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

அது போகட்டும். நம் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அவர் எப்படிச் சொல்லியிருக்கிறாரோ தெரியாது, நடந்தது இதுதான். வண்டி வந்த முதல் வாரம் அவரையும் என் வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டு போனேன். மாமியார் பின்சீட்டின் நடுவில், இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலி ரோடு. மிதித்தேன். பின்னால் சத்தமே இல்லை. சரி, ரசிக்கிறார் என்று நினைத்து மிதியிலிருந்து காலை எடுத்தேன். இந்த வண்டியின் குணம்தான் தெரியுமே, பிரேக்கைத் தொடவே வேண்டாம், காலை எடுத்தாலே மூக்கணாங்கயிற்றைச் சுண்டினாற்போல இழுத்துப் பிடிக்கும், அப்படி மிச்சமாகிற வேகத்தை மின்சாரமாக்கி உள்ளே போட்டுக்கொள்ளும். வண்டி பிடித்தது. மாமியார் "மாப்..." என்றார். 'பிள்ளை' வரவில்லை. அதற்குப் பதிலாக, நான் என் கையால் அளவெடுத்து, அச்செடுத்து, தேய்த்து மெருகேற்றி மாட்டிய மேல்வரிசைப் பல்செட் இரண்டு சீட்டுக்கும் நடுவே பறந்து வந்து, என் காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். மூன்று பேரும் கோப்பையை எட்டிப் பார்த்தோம். கடைசியில் என் வீட்டுக்காரிதான், "எங்கம்மா பல்லு பறந்ததுல எத்தனை கிலோமீட்டர் சார்ஜ் ஏறிச்சு?" என்று கேட்டாள். நான் பல்செட்டை எடுத்துக் கழுவிப் பணிவோடு நீட்டி, "தப்பா நினைச்சுக்காதீங்க அத்தே, வண்டி கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு" என்றேன். அவர் அதை மாட்டிக்கொண்டு, தாடையை இருபக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, மாப்பிள்ளை. வண்டி நல்லாத்தான் போகுது. பல்லுதான் லூசு."

அத்தோடு விட்டாரா? மறுவாரம் எதிர்த்தெரு டாக்டரிடம் போய்ப் புதுப் பல்செட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மாமியார்! அவருடைய காத்திருக்கும் அறையில் என் பழைய நோயாளிகள் வேறு உட்கார்ந்திருந்தார்களாம். "மருமகன் கட்டினதா? காத்துக்கே பறந்திடுச்சு" என்று எல்லோருக்கும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து என் கிளினிக்கில் நாற்காலி காலியாக இருக்கிறது. உதவியாளர் பெண் மீன் தொட்டியை மூன்றாம் முறையாகத் துடைக்கிறாள்.

சரி, ஓட்டுகிற சுகமாவது மிஞ்சட்டும் என்று ஞாயிறு காலை மலைப்பாதைக்கு, கார் ஓட்டும் எங்கள் வழக்கமான கோஷ்டியோடு போனேன். உங்களுக்குத் தெரிந்தவர்தான், வருஷத்துக்கொரு கிளட்ச் தேய்ப்பாரே, நாங்கள் 'கிளட்ச்' என்றே கூப்பிடும் தச்சுப்பட்டறைக்காரர், அவர்தான் தலைவர். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினோம். முதல் வளைவில் பின்னால் பார்த்தேன், யாரும் இல்லை. இரண்டாவது வளைவில் அவர்கள் சத்தமும் இல்லை. உச்சிக்குப் போய் இறங்கி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஜெயித்தவன் நான்தான், சகலை, ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டவன்போல இருந்தது. வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து அவர்கள் உறுமிக்கொண்டு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, வியர்வையும் சிரிப்புமாக வந்து இறங்கினார்கள். எந்த வளைவில் எந்தக் கியர் என்று கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். நான் பேச என்ன இருக்கிறது? மிதித்தேன், வந்தேன்.

வழக்கப்படி ஒவ்வொருவராகப் பானெட்டைத் திறந்தார்கள். அதுதானே எங்கள் சடங்கு, சுற்றி நின்று பார்த்துத் தலையாட்டுவது. என் முறை வந்தது. "தொறங்க டாக்டரே, அந்த ராட்சசனைப் பார்ப்போம்" என்றார் கிளட்ச். திறந்தேன். இந்த வண்டியில் அங்கே வெறும் பெட்டிதான். அதற்குள் என் வீட்டுக்காரி முந்தின நாள் வாங்கி எடுக்க மறந்த வெங்காய மூட்டை. எல்லோரும் மரியாதையாகக் குனிந்து பார்த்தார்கள். கிளட்ச் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "எத்தனை சிலிண்டர்?" என்றார்.

சத்தம் இல்லாததுதானே குறை, அதற்கும் வழியிருக்கிறது என்று திரையில் தேடினேன். செயற்கை என்ஜின் சத்தம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒலிபெருக்கி வழியாக உறுமும். போட்டுக் கேட்டேன். பொய்ப்பல் கட்டிப் பிழைக்கிறவனிடமே பொய் உறுமலா? உடனே நிறுத்தினேன். நிறுத்தப்போய் வேறெதையோ தொட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் வண்டி, தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகத் திரையில் எழுதிவைத்துவிட்டு, அசையமாட்டேன் என்று படுத்துவிட்டது. அந்த மாதத்தில் எனக்கிருந்த ஒரே நோயாளி கிளினிக் வாசலில் நிற்கிறார். போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டாக்டர், இதோ வரேன்" என்றார். கன்னம் பலாப்பழமாக வீங்கியிருக்க, அதன் மேல் பாதி ஏறின தலைக்கவசத்தோடு ஸ்கூட்டரில் வந்து, என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அவர் "அம்மா" என்றார். தெருவே பார்த்தது.

இவ்வளவும் தாங்கிக்கொள்வேன். உள்ளபடியே உடைந்தது எங்கே என்று சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி அந்தச் சிவப்பு வண்டியைத் தொட்டதே இல்லை, உங்களுக்குத் தெரியும். கிளட்சை மிதிப்பது என்றாலே அவளுக்குப் பயம். போன வாரம் இந்த வண்டியின் சாவியை வாங்கி, "மிக்சி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா?" என்று உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். புறவழிச்சாலையில் லாரிகளுக்கு இடையில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனாள். என்னைவிட நன்றாக. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. "காலை ஏன் அப்படி உதைக்கிறீங்க, மேட் கிழியப்போகுது" என்றாள். வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்பது ஒன்றுதான் சகலை, என்னைப் பற்றி எனக்கே இருந்த பெருமை. காதால் கேட்டு, காலால் உணர்ந்து, வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டது. அதற்கெல்லாம் இனி வேலை இல்லை என்று ஒரு வண்டி சத்தமே போடாமல் சொல்லிவிட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆகையால் உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது: வருகிற சனிக்கிழமை உங்கள் வண்டியோடு வாருங்கள். பின்கதவைத் தூக்கிச் சாத்தவேண்டும், கண்ணாடி இறங்கினால் ஏறாது, எல்லாம் தெரியும். அதை என்னிடம் விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு போங்கள். நேருக்கு நேர் மாற்று, பேச்சுக்கே இடமில்லை. என் வீட்டுக்காரியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நான் சொன்னால்தான் கேட்கமாட்டாள்.

பால் வேன் எழுந்துவிட்டது. என் முறை. உங்கள் வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. இருவேளை பல் தேய்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஆசி சொல்லவேண்டிய முறை எனக்கு உண்டு. சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் வாசலில் நின்று மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கியர் இழந்த உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். வழியில் பெரிய சிக்னலில் நின்றபோது, தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு கறுப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. சைலன்சரை அறுத்து விட்டிருந்தார்கள், தெருவிளக்குக் கம்பமே அதிர்ந்தது. சாயங்காலத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் என் நரைத்த தலையைப் பார்த்து, "பார்த்துப் போங்க பெரியவரே, ஷாக் அடிச்சிடப்போகுது" என்றார். பச்சை விழுந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, வலது காலை வைத்தேன், அவ்வளவுதான். பின்பார்வைக் கண்ணாடியில் முதலில் அவர் காணாமல்போனார், அவருடைய சத்தம் கொஞ்சம் தாமதமாகக் காணாமல்போனது. அப்போது வண்டிக்குள் விசித்திரமாக ஏதோ கனைக்கிற சத்தம் கேட்டது. புதுக் கோளாறு என்று பயந்து வேகத்தைக் குறைத்தேன். குறைத்தும் நிற்கவில்லை. பிறகுதான் புரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தது நான். இத்தனை வருஷமாக அந்த உறுமலில் என் சிரிப்பு எனக்குக் கேட்டதே இல்லை. கேட்கச் சகிக்கவில்லை. அடுத்த சிக்னல் சிவப்பாக இருக்கவேண்டுமே என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். சனிக்கிழமை வரவேண்டாம். வந்தே தீருவேன் என்றால் வாருங்கள், சாப்பாடு உண்டு. சாவி கிடையாது.