அடுத்தவர் அட்டையில் என் ஐந்து குண்டு

நடந்தது இதுதான்:

1. என் கையால் ஒரு காற்றுத் துப்பாக்கி செய்தேன்.
2. சுட்டுக் காட்டச் சொன்னார்கள், சுட்டுக் காட்டினேன்.
3. ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன.
4. அதற்காக, எனக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள்.
5. என் அண்ணனை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் எந்த இடத்தில் நான் தவறினேன் என்று படிக்கிறவர்களே சொல்லட்டும். (என் அண்ணனிடம் மட்டும் கேட்க வேண்டாம். ‘முதல் வரியிலேயே’ என்பான்.)

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டது; எங்கள் வீடு அங்கே கதிர்காமத்தில். அப்பா மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார். நான் மதராசுக்குப் போய் இயந்திரப் படிப்பில் டிப்ளமா முடித்துவிட்டு, அதே மில்லின் பட்டறையில் உதிரி பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் சேர்ந்திருந்தேன். படிக்கிற காலத்தில் கல்லூரி அணியில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழகியிருந்தேன். நன்றாகச் சுடுவேன். (அடக்கமாகச் சொல்ல வேண்டுமானால், நன்றாகவே சுடுவேன்.)

தேங்காய்த்திட்டுக்குப் போகிற வழியில், உப்பங்கழியை ஒட்டி, துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்களும் சொல்தாக்களும் சுட்டுப் பழகிய இடம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகு புதிய கமிட்டி வந்தது. பெண்களும் சேரலாம் என்று வாசலில் அறிவிப்பு எழுதி வைத்தது. பார்த்த மறுநாளே போய் நின்றேன்.

செயலாளர் நல்ல மனிதர். நிபந்தனைகளைப் பொறுமையாகச் சொன்னார். உறுப்பினராகிறவர் சொந்தத் துப்பாக்கி கொண்டுவர வேண்டும். சங்கத்தார் முன்னிலையில் ஐந்து குண்டு சுட வேண்டும். அதில் குறைந்தது மூன்று கறுப்பு வட்டத்தில் விழுந்தால் ஞாயிறுதோறும் அங்கே சுடலாம். விழாவிட்டால் அந்த வருஷம் முழுக்க அந்தப் பக்கமே வரக் கூடாது.

“துப்பாக்கி எங்கம்மா வாங்குவ?” என்றார்.

“வாங்கல சார். செய்யப் போறேன்.”

அவர் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “யார வெச்சு?”

“லேத்த வெச்சு.”

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. சுருள்வில் காற்றை அழுத்தும், காற்று ஈயக்குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். குழாயை மட்டும் உடைந்துபோன ஒரு பழைய துப்பாக்கியிலிருந்து எடுத்தேன். அது சற்று அகலமான குழாய்; அதனால் என் குண்டு சங்கத்தார் சுடுகிற குண்டைவிட ஒரு மில்லிமீட்டர் பருமன். மற்றதெல்லாம் சாப்பாட்டு வேளைகளில், ஃபோர்மேன் கண்டும் காணாமல் இருந்த நேரத்தில், மில் பட்டறையில் நானே கடைந்தது. தோளில் வைக்கிற கட்டைக்கு நல்ல தேக்கு வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல தேக்கு, அம்மாவின் சீர்க் கட்டிலில் இருந்தது.

“எங்க அப்பா குடுத்த கட்டில்டீ அது!”

“தெரியும்மா. நல்ல தேக்கு.”

“நல்ல தேக்குன்னா அறுத்துடுவியா?”

கெட்ட தேக்கை யார் அறுப்பார்கள்? ஆனால் அந்த வாதம் அப்போது எடுபடவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் கூட வந்தால்தான் அனுப்புவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். என் அண்ணன் ஏழுமலை ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. துப்பாக்கியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அது நீளமாக இருக்கும் என்பது. ஆனாலும் தெருமுனை தாண்டுவதற்குள் அதைப் பிடுங்கித் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டான்.

“பொண்ணு துப்பாக்கி எடுத்துக்கினு போனா ஊரு என்னா பேசும்?”

இதன் விளைவு என்னவென்றால், சங்கத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தது அவன். செயலாளர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க செஞ்சதா சார்? பிரமாதம்.”

“ஏதோ, வீட்ல செஞ்சது சார்” என்றான் அண்ணன்.

வீட்டில் செய்ததாம். முறுக்கு மாதிரி.

“நான் செஞ்சது” என்றேன். செயலாளர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, சுருள்வில்லைப் பற்றி அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் மிகுந்த யோசனையோடு தலையாட்டினான்.

இனி மைதானத்தைச் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம்.

சுடுகிறவர்கள் நிற்க நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரக் கம்பம், அதில் ஓர் எண். எதிரே இருபது மீட்டர் தள்ளி, மண்மேட்டுக்கு முன்னால், இலக்கு அட்டை மாட்ட நான்கு சட்டங்கள்; ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண். கம்பத்தில் இருக்கும் எண்களைப் புதிய கமிட்டி எழுதியது: இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சட்டத்தில் இருக்கும் எண்கள் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தவை. நம் ஊர் வீட்டு வாசல்களில் இருக்குமே, அதே நீல எனாமல் தகடு. அவர்கள் காலத்தில் வாசல் வலப்பக்கம் இருந்ததாம். அதனால் வலமிருந்து இடமாக எண்ணியிருந்தார்கள். ஆக, இரண்டாம் கம்பத்துக்கு நேர் எதிரே இருந்தது மூன்றாம் தகடு. இரண்டாம் தகடு இருந்தது மூன்றாம் கம்பத்துக்கு நேர் எதிரே.

இது எதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: “ரெண்டாம் நம்பர்ல நில்லும்மா. மூணுல முசே சவரிநாதன் சுடுவாரு, தொணைக்கு.”

முசே சவரிநாதன் ஒரு சொல்தா. (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.) மீசைக்கு மெழுகு போட்டிருந்தார். என்னைப் பார்த்து, “பயப்படாத மத்மசேல். துப்பாக்கிய தோள்ல நல்லா அழுத்திக்க. நான் இந்தோசீனாவுல இருந்தப்போ” என்று ஆரம்பித்தார். செயலாளர் விசில் ஊதிவிட்டதால் இந்தோசீனா அன்றைக்குத் தப்பியது.

நான் இரண்டாம் கம்பத்தில் நின்றேன். எதிரே இரண்டாம் எண்ணைத் தேடினேன். இருந்தது. சற்று வலப்பக்கம் தள்ளி இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மூக்குக்கு நேரே இருப்பதைச் சுட்டிருப்பார்கள். நான் வரைபடக்காரி. பதினாறாம் எண் பாகம் என்று எழுதியிருந்தால் பதினாறாம் எண் பாகத்தைத்தான் மாட்ட வேண்டும். கைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பதினேழை மாட்டினால் தறி ஓடாது. கோணலாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வெயிலுக்கோ கடற்காற்றுக்கோ இப்படிக் கட்டியிருப்பார்கள் என்று, அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சம்பளம் இல்லாமல்.

சுட்டேன். துப்பாக்கி கையில் ஆடவில்லை, இழுக்கவில்லை. ஐந்தாவது குண்டு போனபோது எனக்கே தெரிந்துவிட்டது. நான் செய்த பொருள் வேலை செய்கிறது. முசே சவரிநாதனும் ஐந்து சுட்டு முடித்தார். செயலாளர் நடந்து போய் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“யாம்மா, ஒண்ணுகூட இல்லியே.”

எனக்கு நேர் எதிரே இருந்த அட்டையை வெயிலுக்குத் தூக்கிக் காட்டினார். சலவைக்குப் போய் வந்ததுபோல் இருந்தது.

“சத்தம் கேட்டுச்சே சார்?”

“சத்தம் நல்லாதான் வந்துச்சு. குண்டுதான் வரல.”

“வராம எங்க சார் போவும்?”

“அத செஞ்சவங்களத்தான் கேக்கணும்” என்று அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இவதான் சார் செஞ்சா” என்றான் அண்ணன்.

அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு வர வேண்டிய பெருமை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது.

அதற்குள் செயலாளரின் பார்வை அடுத்த அட்டைக்குப் போயிருந்தது. “முசே, பத்து ஓட்டை இருக்குதே?”

எட்டிப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகள் கறுப்பு வட்டத்துக்குள், ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன. மற்ற ஐந்தும் வாடகை வீடு தேடுகிறவர்கள்போல அட்டையின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றியிருந்தன.

முசே சவரிநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஓ, அதா? அட்டை பழசு. அஞ்சு போன வாரம் சுட்டது.”

“எந்த அஞ்சு?”

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “வெளிய இருக்கறது போன வாரம். உள்ள இருக்கறது இன்னிக்கு. வுவாலா, பாத்துக்க!”

அந்த அட்டையை அன்று காலையில் புதிதாக மாட்டியதே செயலாளர்தான். நான் பார்த்தேன். ஆனாலும் ‘அப்படியா முசே’ என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் அண்ணனும் குலுக்கினான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“ஒரு நிமிஷம் சார்” என்றேன்.

என் கைப்பையில் எப்போதும் வெர்னியர் காலிப்பர் இருக்கும். (சீப்பும் இருக்கும்.) அட்டையை மேசையில் வைத்து ஒவ்வோர் ஓட்டையாக அளந்தேன்.

“பொண்ணே, ஓட்டைக்கு அளவெடுத்து சட்டையா தைக்கப் போற?” என்றார் முசே. எல்லாரும் சிரித்தார்கள்.

“முசே, உங்க குண்டு ஒண்ணு குடுங்க” என்றேன். கொடுத்தார். அதை அளந்தேன். என் குண்டையும் அளந்தேன். வட்டத்துக்குள் இருந்த ஐந்தும் பெரிய ஓட்டை. வெளியே அலைந்த ஐந்தும் சின்ன ஓட்டை. செயலாளரைக் கூப்பிட்டுக் கருவியை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். அளந்தார். தலையைச் சொறிந்தார்.

“முசே, உள்ள இருக்கறது இந்தப் பொண்ணோடது.”

“அப்ப என்னோடது?”

“வெளிய இருக்கறதுங்க.”

“அது போன வாரத்துதுன்னு சொன்னேன் இல்ல?”

“அப்ப இன்னிக்கு நீங்க சுட்டது எங்கங்க?” என்று கேட்டேன்.

இந்தோசீனாவில்கூட அவரை யாரும் இப்படிச் சுற்றி வளைத்திருக்க மாட்டார்கள். மீசையைத் தடவிக்கொண்டு கழிமுகத்தைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம், என் வாழ்க்கையிலேயே நல்ல நிமிஷம். சரியாக ஒரு நிமிஷம்தான்.

“சரிம்மா, உன்னோட குண்டுதான். ஒத்துக்கறேன்” என்றார் செயலாளர். “அப்ப அவரு அட்டைல எதுக்கு சுட்ட?”

அடுத்தவர் இலக்கில் சுடுகிற ஆள் நான்தான் என்பதை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல், நானே கருவி வைத்து நிரூபித்திருந்தேன்.

“நான் ரெண்டாம் நம்பரத்தான் சுட்டேன்! அங்க பாருங்க, ரெண்டு போட்டிருக்குது!”

எல்லாரும் பார்த்தார்கள். “அது பழைய நம்பரும்மா” என்றார் செயலாளர்.

“பழசுன்னா கழட்ட வேணாமா?”

“எதுக்கு? யாரும்தான் அதப் பாக்கறதில்லியே.”

“பாக்காத நம்பர எதுக்கு வெச்சிருக்கீங்க?”

“நாங்க எங்க வெச்சோம்? அது அவங்க வெச்சது. இது நாங்க வெச்சது.” கம்பத்தைத் தட்டிக் காட்டினார். “இந்த ஊர்ல தெருவுக்கே ரெண்டு பேரு இருக்குது. யாராவது வழி தப்பிப் போறாங்களா? எதிர்ல இருக்கறத சுட்டுட்டுப் போவியா, நம்பரப் பாத்துக்கினு நிக்கறியே!”

“சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் சார்” என்றான் என் அண்ணன், மிகுந்த வருத்தத்தோடு. “நம்பர் போட்டிருந்தா நம்பிடுவா.”

விறுவிறுவென்று மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தேன். ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு திருகாணிதான். ஒரு திருப்புளி கொடுத்தால் டீ ஆறுவதற்குள் நான்கையும் மாற்றி மாட்டிவிடலாம். அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால், அண்ணன் மேசையில் குனிந்து ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“துப்பாக்கி பாஸ்மா” என்றார் செயலாளர், நல்ல சேதி சொல்கிற குரலில். “ரொம்ப நல்ல துப்பாக்கி. சுட்டவங்கதான் பெயில். அடுத்தவங்க அட்டைல சுட்டா இந்த வருஷம் கிடையாது, அது சட்டம். இவ்வளவு நல்ல துப்பாக்கிய சும்மா திருப்பி அனுப்ப மனசு வரல. அதான் ஒங்க அண்ணன் பேர்ல சேத்துட்டேன்.”

“ஏன் கையெழுத்துப் போட்ட?” என்று அண்ணனைக் கேட்டேன்.

“அவரு பேனாவ நீட்டினாரு” என்றான். வக்கீல் குமாஸ்தா. பேனாவை நீட்டினால் போடுவான். “வீட்டுக்குள்ளதான இருக்கப் போவுது? ஏன் கத்தற?”

நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினேன். உப்பங்கழியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததற்குக் காற்று காரணமாக இருக்கலாம்.

வீட்டில் அப்பா, “பாஸா, பெயிலா?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அட்டவணை போட்டுக்கூடக் காட்டினேன். அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, எங்கள் வீட்டில் ஒருவர் காபியை இன்னொருவர் குடித்துவிட்டால் அதற்கு ‘வசந்தாவோட அஞ்சு குண்டு’ என்று பெயர். புதிதாக ஒருவர் வீட்டுக்கு நான் கிளம்பினால், “நம்பரப் பாக்காத, எதிர்ல பாரு” என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்புகிறார்கள். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அண்ணன் இந்தக் கதையைச் சொன்னான். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை; தகட்டை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். அவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முசே சவரிநாதன் அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். சுற்றி அலைந்த ஐந்து ஓட்டைகளும் சட்டத்தின் ஓரத்தில் மறைந்துவிட்டன. இரண்டு முறை போய்க் கேட்டேன். இரண்டு முறையும் நல்ல காபி கொடுத்தார், இந்தோசீனாவைப் பற்றிச் சொன்னார், அட்டையைக் கொடுக்கவில்லை. நீலத் தகடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அண்ணன் ஞாயிறுதோறும் போய்ச் சுடுகிறான். பின்னாலிருக்கும் மண்மேட்டைத் தவறாமல் அடிக்கிறான்.

வருஷம் முடிந்ததும் நான் மறுபடி விண்ணப்பித்தேன். செயலாளர் அன்பாகத்தான் பேசினார். “சொந்தத் துப்பாக்கி இருக்குதாம்மா?” என்று கேட்டார். இல்லை. அது அண்ணன் பெயரில் இருக்கிறது.

இப்போது இரண்டாவது துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறேன். குழாய் தயார். சுருள்வில் பாக்கி.