அக்கா வந்தால் அமைச்சர் எழுந்து போவார்

தெமுகிசா உள்ளே காலை வைத்ததும் மூன்று அமைச்சர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

புது அமைச்சரின் தலையில் சூட்டுவதற்காகப் பூவளையத்தைத் தூக்கிப் பிடித்திருந்த பிரதமர் பனபாசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூவளையம் அந்தரத்திலேயே நின்றது.

"என்ன மச்சான் இது? வெளிநடப்பா? அதுவும் என் மந்திரிசபையிலேயேவா?"

துணைப் பிரதமர் மெலாலி, பனபாசியின் மனைவியுடைய அண்ணன், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தப்பு நடந்துபோச்சு மச்சான். இந்தம்மாவும் தெற்குத் தீவு, அவங்க மூணு பேரும் தெற்குத் தீவு. தாத்தாங்க கூடப் பொறந்தவங்களாம். அப்படின்னா அக்கா தம்பி முறை. வயசுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே உக்காரக் கூடாதே!"

பனபாசி வடக்குத் தீவுக்காரர். அங்கே அக்கா தம்பி ஒரே படகில் மீன் பிடிப்பார்கள், பங்கு பிரிக்கும்போது அடித்தும் கொள்வார்கள். ஆனால் தெற்கத்தி வழக்கத்தில் கை வைப்பவன் அரசியலில் உருப்பட மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். இருபது வருஷம் காத்திருந்து பிடித்த நாற்காலி. உட்கார்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

போன வாரம் இடைத்தேர்தலில் ஜெயித்த தெமுகிசா எதிர்க்கட்சி. ஆட்சி ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஊசலாடியதால், சுகாதாரத் துறையைக் கொடுத்து அவளை இந்தப் பக்கம் இழுத்தார்கள். யோசனையும் மெலாலியுடையது, பேரமும் மெலாலியுடையது. பட்ஜெட்டுக்கு இன்றைக்கே மந்திரிசபை ஒப்புதல் தரவேண்டும். நாளைக்கு அது சபைக்குப் போகாவிட்டால் ஆட்சி கவிழும். ஒப்புதலுக்கு ஐந்து பேராவது வேண்டும். சுற்றுச்சூழல் அமைச்சரோ வழக்கம்போல ஏதோ ஒரு ஊரில் கடல்மட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பனபாசி குழைந்தார். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க கொஞ்சம் வெளியே..."

"மொத நாளே வெளியேவா?" என்றாள் தெமுகிசா. "அப்ப நான் பழைய கட்சிக்கே போய்க்கிறேன். அங்க உக்கார வச்சாவது பேசுவாங்க."

"ஐயையோ, உக்காருங்க, உக்காருங்க!"

மெலாலி காதருகே குனிந்தார். "நடுவுல ஒரு பாயத் தொங்கவிடுவோம் மச்சான். கண்ணுல பட்டாத்தானே தோஷம்?"

பெரிய ஓலைப்பாய் ஒன்றைக் குறுக்கே கட்டினார்கள். மூவரும் திரும்பி வந்து தலையைக் குனிந்தபடி அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். பனபாசி நடுவில், பாயின் விளிம்பு மூக்கில் உரச, இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தார்.

"சரி, முதல் செலவு. சுகாதாரத் துறை. வெளித் தீவுகளுக்குப் புதுசா கக்கூ..."

நாற்காலிகள் நகர்ந்தன. மூவரும் மறுபடி வெளியே.

"என்னப்பா இப்போ?"

நிதி அமைச்சர் சேவே ஜன்னலுக்கு வெளியிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்கா காதுல விழுற மாதிரி அந்த வார்த்தையைச் சொல்லலாமா தலைவரே? உங்க ஊர்ல மானம் மரியாதையே கிடையாதா?"

"வேற என்னன்னுதான் சொல்றது?"

"சொல்லாதீங்க. கட்டுங்க."

பனபாசி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிரசவ வார்டு. அதற்கடுத்தது குடும்பக் கட்டுப்பாடு. படித்துப் பார்க்க வியர்த்தது. அக்கா தம்பி முன்னால் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே செலவு படகுத்துறைக்குத் தார்ப்பூச்சுதான்.

ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்கிறது என்று மூவரும் ஈரப்பலா மரத்தடிக்குத் தள்ளிப் போனார்கள். இப்போது பேச்சும் கேட்கவில்லை, ஓட்டும் கேட்கவில்லை.

"படகு ரேடியோ இருக்கே!" என்றார் மெலாலி. "அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. அந்தம்மாவுக்கு வேண்டியதை நீங்க எழுதிக் காட்டுங்க, அவங்களுக்கு வேண்டியதை ரேடியோவுல சொல்லுங்க."

"மச்சான், நீங்க மட்டும் இல்லேன்னா..." பனபாசிக்குக் கண் கலங்கியது.

ரேடியோவை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்ஜெட்டை ஒப்பித்தார். "சம்மதம்னா சம்மதம்னு சொல்லுங்க!"

"சம்மதம்!" என்றது ரேடியோ. "சம்மதம்!" "சம்மதம்!" "சம்மதம்!" "எங்க படகும் சம்மதம்!"

பனபாசி விரல் விட்டு எண்ணினார். மரத்தடியில் இருந்ததோ மூன்று பேர்.

"யாருய்யா அது?"

"சூரை மீன் பிடிக்க வந்தோம் பிரதமரே. அந்த பிரசவ வார்டை எங்க தீவுக்கு மாத்திக் குடுங்களேன், என் பொஞ்சாதிக்கு மாசமாச்சு."

"அவன் பொஞ்சாதிக்கு எப்பவும் மாசம்தான்!" என்றது இன்னொரு படகு. "வரியப் பத்திப் பேசுங்க!"

நாட்டில் படகு இருக்கிற வீடெல்லாம் ரேடியோ இருக்கும் வீடு. படகு இல்லாத வீடே கிடையாது. மந்திரிசபை ரகசியத்தை மொத்த ஜனமும் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது.

பனபாசி தலையில் அடித்துக்கொண்டார். "போதும்டா சாமி! இந்தத் தெற்குத் தீவு ஆளுங்களோட மாரடிக்கிறதுக்குப் பதிலா நாலு பன்னி வளர்க்கலாம் மச்சான்!"

சொல்லி முடித்தபிறகுதான் பார்த்தார். கட்டைவிரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

ரேடியோவிலிருந்து ஒரு கிழவர் குரல் நிதானமாக வந்தது. "கேட்டுக்கிட்டோம் பிரதமரே."

மரத்தடியில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் உறுமிக் கிளம்பின. இந்தப் பக்கம் தெமுகிசா எழுந்தாள்.

"என் தம்பிங்க உங்களுக்குப் பன்னிங்களா?"

"அம்மா, அது ஒரு பேச்சுக்கு..."

அவள் தானே பாயைப் பிய்த்து எறிந்துவிட்டு நடந்தாள். நாளைக்குக் காலையில் சபை கூடும். கையில் பட்ஜெட் இல்லை, அமைச்சர் இல்லை, தெற்குத் தீவே இல்லை.

மெலாலி அவர் தோளைத் தட்டினார். "பதறாதீங்க மச்சான். நான் பின்னாலேயே போய்ச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர்றேன். நீங்க இங்கேயே இருங்க. எங்கேயும் போகாதீங்க, யார்கிட்டேயும் பேசாதீங்க."

அவரும் போனார். ஆறு பேருக்குப் போட்ட தேநீரோடு லிலோ உள்ளே வந்தாள். மந்திரிசபைக்குத் தேநீர் கொடுப்பவள், அவளும் தெற்குத் தீவுதான். காலி நாற்காலிகளையும் கிழிந்த பாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் உங்க ஊர் வழக்கத்தால வந்த வினை லிலோ" என்றார் பனபாசி. "அக்கா தம்பி ஒண்ணா உக்காரக் கூடாதாமே. மெலாலி மச்சான் ஒருத்தர்தான் இன்னிக்கு எனக்குத் துணையா நின்னாரு."

லிலோ தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணா உக்காரக் கூடாதா? நேத்து அந்த அக்காவும் மூணு தம்பிங்களும் மெலாலி ஐயா வீட்டுல ஒரே பாயில உக்காந்து நண்டு தின்னாங்களே, நான்தானே பரிமாறினேன். நாளைலேருந்து தான்தான் பிரதமர், டீ தனக்குத்தான் மொதல்ல வரணும்னு மெலாலி ஐயா சொன்னப்போ, உங்களுக்கும் தெரியும்னுல்ல நான் நினைச்சேன்!"