மாலையும் கழுத்துமாக இரண்டு ஃபயர்வால்கள்

எதையும் இரண்டாக வாங்கி வைத்துவிட்டால் நிம்மதி என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. ஒரு ஃபயர்வால் செத்தால் இன்னொன்று அந்தக் கணமே வேலையை எடுத்துக்கொள்ளும்படி ஜோடியாக அமைத்துக் கொடுப்பது என் தொழில். இன்றைக்கு அதை ஓரளவு ஒழுங்காகச் செய்கிறேன். முதன்முதலில் செய்தபோது ஒரு சர்க்கரை ஆலையின் வாசலில் ஊரார் கரும்பையெல்லாம் வெயிலில் காய வைத்தேன். அந்த வரிசையில் என் அப்பாவின் டிராக்டரும் நின்றது.

ஆலை கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையதல்ல. அங்கே எடைமேடையில் ஏறும் வண்டியின் எடை உடனே சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதிவாகும். அங்கிருந்து பதில் வந்தால்தான் இங்கே சீட்டு அச்சாகும். நடுவில் நிற்பது ஃபயர்வால். கண்டவர்களை உள்ளே விடாமல், உரியதை மட்டும் போகவர விடுகிற வாசல் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய அரவைப் பருவத்தில் ஒரு இடி இறங்கி அந்தக் காவலாளி கருகிப்போக, எடை போடுவது அடியோடு நின்றுவிட்டது. அதனால் இந்த முறை இரண்டு வாங்கினார்கள்.

சென்னைக் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்த நான், "எங்க ஊர்ப் பக்கம் சார், நானே போறேன்" என்று முந்திக்கொண்டேன். (முந்திக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் நிலம் மணலூர்பேட்டைப் பக்கம். அரவை தொடங்கும் அன்றைக்கே கரும்பை வெட்டிக் கொண்டுவரச் சொல்லி அப்பாவுக்கும் ஆலையின் வெட்டு உத்தரவு வந்திருந்தது. மகன் வைத்த மிஷின் வழியாக அப்பாவின் கரும்பு எடை போடப்படும் காட்சியை நான் மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். பின்னணி இசையோடு.)

நான் செய்த வேலை இதுதான். இரண்டு பெட்டிகளில் ஒன்று வேலை செய்யும், அது ஆக்டிவ். மற்றது சும்மா இருந்துகொண்டு முதலாவது உயிரோடு இருக்கிறதா என்று கவனிக்கும், அது ஸ்டாண்ட்பை. இரண்டையும் இணைப்பது ஒரு முழம்கூட வராத நீலநிறக் கேபிள். 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று ஆக்டிவ் அதன் வழியே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால், போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

அரவை தொடங்கும் நாள் காலையில், மேலாளர் தனசேகர் முன்னிலையில் ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். இணைப்பு அறுபடவில்லை. "பரவாயில்லியே தம்பி" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆலையில் அன்று பூஜை. புதிதாக வந்த எதற்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. ஃபயர்வாலுக்கும் உண்டு. நானே பொட்டு வைத்து ஆளுக்கொரு சம்பங்கி மாலை போட்டேன். மாலையும் கழுத்துமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகை அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்ப ஆசை வந்தது. நடுவில் அந்த நீலக் கேபிள் குறுக்கே ஓடி அழகைக் கெடுத்தது. ஒரு நிமிடம்தானே என்று கழற்றினேன். படம் எடுத்தேன். அனுப்பினேன். அதற்குள் கையில் சர்க்கரைப் பொங்கல் வந்துவிட்டது. முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

முதல் வண்டிக்குச் சீட்டு வந்தது. இரண்டாவது வண்டிக்கு அரைச் சீட்டு வந்தது. மூன்றாவது வண்டி எடைமேடையிலேயே நின்றது.

"தம்பி, லைன் வருது, போவுது, வருது, போவுது. இன்னான்னு பாருங்க" என்று தனசேகர் ஓடி வந்தார்.

பார்த்தேன். முதல் பெட்டியின் திரையில் 'ஆக்டிவ்' என்று இருந்தது. இரண்டாவது பெட்டியின் திரையிலும் 'ஆக்டிவ்' என்று இருந்தது. இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் சந்தோஷப்பட்டேன். இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன, அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ என்று நினைத்தேன். ஒன்று ஸ்டாண்ட்பையில் இருக்க வேண்டும் என்று முந்தின நாள் ஆலைக்காரர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான். பயம் வந்தால் படித்ததெல்லாம் முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுகிறது.

பிரிண்டரைச் சந்தேகித்தேன். எடைமேடைக் கம்ப்யூட்டரைச் சந்தேகித்தேன். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, "மேல மேகமா இருக்கு சார், அதான் லைன் டல்லடிக்குது" என்றேன். மலையில் மேகம் இருந்தது உண்மை. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெளியே வரிசை சாலை வரைக்கும் போய்விட்டது. வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் சாறு வற்றி எடை இறங்கும். ஒரு வருஷத்து உழைப்பு டிரெய்லரில் ஏறி நின்று கண்ணெதிரே இளைப்பதைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. தனசேகர் வெளியே போய், "கையால சீட்டு எழுதித் தரேங்க, அப்புறமா ஏத்திக்கலாம்" என்று கெஞ்சினார்.

"கைச்சீட்டு வாணாம்!" என்று வரிசையே கத்தியது. கைச்சீட்டில் எடையைக் குறைத்து எழுதிப் பட்ட பழைய காயம் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நிறைய. கம்ப்யூட்டர் சீட்டு கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் என் அப்பா. இப்போது அவரும் வாயைத் திறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மிஷின் அறையின் கதவைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே வந்தார். தோளில் துண்டு இல்லை. வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கையிலேயே சுருட்டி வைத்திருந்தார்.

"இன்னாடா ஆச்சு?"

"பாத்துக்கினு இருக்கேம்பா."

"எவ்ளோ நேரமாடா பாத்துக்கினு இருப்ப? வரிசைல நிக்கிறவன்லாம் கரும்பப் பாக்கல, என்னியப் பாக்குறான். காத்தால நான்தான் நீ அனுப்புன போட்டோவ அத்தினி பேருக்கும் காட்டிகினு இருந்தேன், எம் புள்ள வெச்ச மிசினுன்னு." செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏழுமல இத வாங்கிப் பாத்துட்டுக் கேக்குறான், 'இன்னா மாமா, ஒம் புள்ள மாலையப் போட்டுட்டுத் தாலி கட்ட மறந்துட்டானா?'ன்னு. அத்தினி பேரும் சிரிக்கிறான்டா."

ஏழுமலை எங்களுக்குப் பக்கத்து நிலத்துக்காரர். கோபத்திலும் கேலி பேசாமல் இருக்க முடியாதவர்.

நான் படத்தைப் பார்த்தேன். இரண்டு பெட்டிகள், இரண்டு மாலைகள், நடுவில் ஒன்றுமில்லை. என் கை தானாகப் பேண்ட் பாக்கெட்டுக்குப் போனது. நீலக் கேபிள் அங்கே சுருண்டு கிடந்தது. அதன் முனையில் பொங்கல் நெய்.

"இன்னாடா அது?"

"தாலிப்பா" என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. நான் நெய்யைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கேபிளைச் செருகினேன். கேபிள் இல்லாததால் இரண்டு பெட்டிகளும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வேலையை இழுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. இப்போது ஒன்று அடங்கி ஸ்டாண்ட்பைக்குப் போனது. வெளியே பிரிண்டர் கறகறவென்று சீட்டைத் தள்ளியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெறும் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். நான் வெளியே வந்தபோது அப்பா டிராக்டரை வரிசையிலிருந்து உருவிப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, அடுத்தது ஒங்க வண்டிதான?" என்றார் தனசேகர்.

"எல்லாரும் போவட்டும். எங்களுது கடசில வரட்டும்."

"ஒங்க கரும்பும் காயுதுங்களே."

"எம் புள்ள நிறுத்துனது. அவன் வூட்டு வண்டியே மொதல்ல ஏறுனா நல்லா இருக்காதுங்க."

நான் அப்பா பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு வண்டியாக எங்களைத் தாண்டிப் போனது. ஏழுமலையின் வண்டியும் போனது. அவர் மட்டும் அப்பாவைப் பார்க்கக் கூசித் தலையைத் திருப்பிக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் அப்பாவின் முறை வந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தார். "கம்மிதான்" என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து ஊர் திரும்பும்போது, "நான் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"வேணும்னா பண்ண? வுடு" என்றார். அதற்குப் பிறகு வெகுகாலம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கேபிள் என் பாக்கெட்டில் கிடந்ததைத் தனசேகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த ஏழுமலை, அவர் பேசாத குறையைத் தீர்த்துவைத்தார். நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் தாலிக் கதை அம்மாவின் காதுக்குப் போயிருந்தது.

சில வருஷம் கழித்துத் திருநாவலூர்க் கோயிலில் எனக்குக் கல்யாணம். தாலித் தட்டு பெரியவர்களின் ஆசி வாங்கப் போயிருந்தது. வர ஒரு நிமிடம் தாமதம். கூட்டத்திலிருந்து ஏழுமலையின் குரல் எழுந்தது: "தேடாதீங்க! மாப்ள பாக்கெட்டப் பாருங்க!"

கோயிலே சிரித்தது. மணப்பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அப்பாதான் தாலியை எடுத்து என் கையில் கொடுத்தார். "கட்டு. போட்டோக்குன்னு இத்தையும் கழட்டி வெச்சிக்காத" என்றார். அந்த நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

பந்தி போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர் கடைசியில்தான் சாப்பிடுவார். அப்பாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற நின்றார். முதல் பந்தியில் ஏழுமலையும் அன்றைக்கு வரிசையில் நின்ற கரும்புக்காரர்களும் இருந்தார்கள். இலை போட்டாயிற்று. ஒருவரும் உட்காரவில்லை.

"இன்னாப்பா, குந்துங்க" என்றார் அப்பா.

ஏழுமலை வந்து அவர் கையிலிருந்த வாளியை வாங்கினார். "அன்னிக்கி எங்களையெல்லாம் வுட்டுட்டுக் கடசில நின்ன. இன்னிக்கி மொத வண்டி ஒன்னுதுதான் மாமா. நீ குந்து, அப்பாலதான் நாங்க."

அப்பா மறுத்துப் பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டார்கள். அவர் இலையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால், "மொத வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டு, அப்பா உட்கார்ந்த பிறகுதான் அம்மா சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பாள். என் இலை கடைசிப் பந்தியில். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போய் நின்றுகொண்டேன்.